குற்றாலத்து டைம் அவுட்

போன வாரம் ஆபீஸ் சர்வர் ஒன்று மூச்சு முட்டி நின்றது. எங்கோ ஒரு ஊரில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும் சர்வர் அது. அதன் முகத்தை நான் பார்த்தது கிடையாது. தென்காசியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து அதன் பதிவுகளைத் திறந்தால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி வரிசையாக வந்துகொண்டிருந்தது: வாட்ச்டாக் டைம் அவுட். ஆன்லைனில் கூட இருந்த ஆபீஸ் பிள்ளைகள் பதறிப் போனார்கள். எனக்கு முதலில் வந்தது ஒரு வாசனை. அருவித் தண்ணீரும் மசாஜ் எண்ணெயும் சேர்ந்து, முழுசாகக் காயாத துண்டிலிருந்து வருமே, அந்த வாசனை. சொன்னால் கிறுக்கு என்பார்கள். மைக்கை அணைத்துவிட்டு நான் மட்டும் சிரித்துக்கொண்டேன்.

இந்த விவகாரம் உங்களுக்குப் பழக்கமில்லை என்றால் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள் நெட்வொர்க் கார்டு என்று ஒன்று உண்டு. கேபிள் வந்து சொருகுகிற இடம் அதுதான். ஆபரேட்டிங் சிஸ்டம் அதன் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, இதை அனுப்பு என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒரு காவல்காரனையும் உட்கார வைக்கும். சில நொடிக்குள் அனுப்பியாச்சு என்று கார்டு பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் காவல்காரன் சத்தம் போடுவான். கார்டைத் தட்டி எழுப்பி முதலிலிருந்து ஆரம்பிக்க வைப்பான். அந்தச் சத்தம்தான் திரையில் வருகிற அந்த வரி. கார்டு ஏன் அனுப்பவில்லை என்பது காவல்காரனுக்குத் தெரியாது, அனுப்பவில்லை என்பது மட்டும்தான் தெரியும். என் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு இதை ஒரு தடவை விளக்கினேன். "பாரா டூட்டி" என்றார். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த வரியைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்தில் நிலம் இருந்தவரை வயல், அதன் பிறகு போலீஸ். பெரியப்பா மகன், சித்தப்பா மகன், அத்தான் என்று யாரைப் பார்த்தாலும் காக்கி. கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால் பந்தி ஏதோ ரோல்கால் மாதிரி இருக்கும். நான் ஒருவன்தான் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டு அலைந்தேன். அப்பாவின் கணக்கில் அது வேலை கிடைக்காதவன் சொல்கிற சாக்கு. போலீஸ் செலக்‌ஷன் ஓட்டத்துக்கென்று ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்து வாசலில் வைத்தார். விடிந்ததும் தென்காசியிலிருந்து மேலகரம் வரை நான் ஓட வேண்டும், அவர் பின்னாலேயே சைக்கிளில் வருவார். மேலகரம் எட்டுவதற்குள் எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிடும். செங்கோட்டை பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். திருடனைப் போலீஸ் துரத்துகிறது என்று நினைத்திருந்தால், இவ்வளவு மெதுவாக ஓடுகிற திருடனை அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள்.

என்னைக் காப்பாற்ற வந்தது ஒரு லாட்ஜ். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. பெயர் வேண்டாம், பல கை மாறிவிட்டது. முன்னால் ஆபீஸ், நடுவில் முற்றம், பின்னால் மாடி வைத்த ரூம் கட்டிடம். செல்போனில் பேச மட்டுமே முடிந்த காலம் அது. மாடியில் கடைசி ரூமைப் பிரவுசிங் சென்டர் ஆக்கினால் சீசனில் கூட்டம் அள்ளும் என்று மேனேஜர் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அவரும் அப்பாவும் சேக்காளிகள். வேலை எனக்கு வந்த வழி அதுதான். தகுதி என்று கேட்டால், ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் யூனிக்ஸ் வகையறா ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்று இருந்தது, அதை ஏற்றிவிட எனக்குத் தெரியும்.

சர்வரை ஆபீஸில் மொட்டைமாடிப் படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடுக்கில் வைத்தேன். அங்கிருந்து பிரவுசிங் ரூமுக்கு நீல நிறத்தில் ஒரு கேபிள். மாடி வராந்தாவில் தூணுக்குத் தூண் கட்டி, முற்றத்தைக் கடந்து, சரிவாக இறக்கி, ஆபீஸ் வென்டிலேட்டர் வழியாக உள்ளே கொண்டு வந்தேன். எங்கேயும் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டியிருந்தேன். கட்டி முடித்து முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. அண்ணாச்சிக்குத்தான் திரையைப் பார்த்து வருத்தம். "படமே வராதாடே?" என்று கேட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவது அவருக்கு ஏதோ துக்க வீடு போலத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே வைத்துத்தான் அப்பா எனக்கு ஒரு வாய்தா கொடுத்தார். காப்பி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, கோர்ட்டில் சொல்வதுபோலச் சொன்னார்.

"இந்த சீசன் முடியுத வரைக்கும் பாப்பேன். உன் நெட்டு படுக்காம நின்னா உன் இஷ்டம். நிக்கலைன்னா பேசாம செலக்‌ஷனுக்கு வந்துரணும். அண்ணாச்சி சாட்சி."

நான் தலையாட்டினேன். சர்வர் அன்று வரை ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. சீசன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

சாரல் விழுந்தது. மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டுக் கொட்டியது. ரோட்டோரம் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிக்கும் தேங்காயெண்ணெய் வாசனை, கூடை கூடையாக ரம்புட்டான், மசாஜ் பலகைகளில் பிணம்போலக் கிடக்கும் ஆசாமிகள், எல்லாம் வந்தது. கூடவே டைம் அவுட்டும் வந்தது. காலையில் கூட்டம் பிரவுசிங் ரூமை நிறைக்கிற நேரம் பார்த்து நெட் படுக்கும், எழும், மறுபடி படுக்கும். துபாயில் இருக்கிற மகனைத் திரையில் பார்க்க ஒரு அம்மா வந்தார். மகன் வாயைத் திறந்தபடியே அசையாமல் நின்றுவிட்டான். பிள்ளைக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அந்த அம்மா அழ ஆரம்பிக்க, பக்கத்து ரூம்காரர்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள். நல்லவேளை, அந்தப் பையன் லாட்ஜுக்கே போன் போட்டுப் பேசினான்.

அப்பா சீசன் முழுக்கத் தினமும் காலையில் சைக்கிளில் வந்து அருவியில் குளிப்பார். அப்படியே லாட்ஜுக்கு வந்து அண்ணாச்சியோடு காப்பி, பேப்பர். "நேத்தும் படுத்துட்டு" என்று அண்ணாச்சி அறிக்கை கொடுப்பார். அப்பா பேப்பரை இறக்கி என் காலைப் பார்ப்பார். முகத்தைப் பார்த்தாலாவது பரவாயில்லை. காலைப் பார்ப்பார், ஓட்டத்துக்குத் தேறுமா என்று.

வேறு எந்த வேலையிலும் நான் இப்படி இஷ்டப்பட்டு உட்கார்ந்ததில்லை. அந்த இடுக்கில், கொசுக்கடியில், விசிறிச் சத்தத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதை விட்டுவிட்டு மேலகரம் ரோட்டில் ஓடப் போகிறோமே என்று நினைத்தால் சோறு இறங்காது.

அந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கையேட்டில் இந்தக் கோளாறுக்கு மருந்து போட்டிருந்தது. முதல் வரியிலேயே, கேபிளைப் பார் என்று இருந்தது. பார்த்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, லாட்ஜ் தூங்குகிற நேரமாகப் பார்த்து, இரண்டு முனையிலும் டெஸ்டரை மாட்டிப் பார்த்தேன். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. முதல் வரியைத் தாண்டியாயிற்று என்று அடுத்த வரிகளுக்குப் போனேன். கார்டைக் கழற்றி வேறு துளையில் மாட்டினேன். திருநெல்வேலி போய் வேறு கார்டு வாங்கி வந்தேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உயிர்நாடியான கர்னல் புரோகிராமையே புதிதாகக் கம்பைல் செய்தேன், அது முடிவதற்குள் நான் போய் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தேன். எதுவும் நடக்கவில்லை. நெட்டில் வெளிநாட்டு ஆட்கள் பதில் சொல்கிற மன்றம் ஒன்று இருந்தது. அதில் என் கதையை எழுதிப் போட்டேன். கேபிளைப் பார்த்தாயா என்று ஒருவர் கேட்டார். பார்த்தேன் ஐயா என்றேன். அடுத்தவரும் அதையே கேட்டார். கடைசியில் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இருந்த கோபத்தையெல்லாம் கொட்டி, கேபிளைத் தவிர வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று எழுதினேன். அப்புறம் யாரும் பதில் போடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. தினமும் மத்தியானத்துக்கு மேல் நெட் தானாகவே எழுந்து உட்கார்ந்துவிடும். இன்னொன்று அதைவிட விசித்திரம். அருவியில் வெள்ளம் வந்து, குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டிவிடுகிற நாட்களில், விடிந்ததிலிருந்தே கல்லு மாதிரி நிற்கும். வெளியே மழை ஊற்றும், உள்ளே ஒரு டைம் அவுட் கிடையாது. ஈரத்தால் வருகிற கோளாறாக இருந்தால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? நானே ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தேன். தடை என்றால் ஆட்கள் ரூமைக் காலி பண்ணுவார்கள், கரண்ட் இழுவை குறையும், வோல்டேஜ் சீராகும். உடனே ஸ்டெபிலைசர் வைத்தேன். அண்ணாச்சியைக் கெஞ்சி முற்றத்தின் மூலையில் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, எர்த் போட்டேன். அப்படியும் அடங்கவில்லை. கடைக்காரர்கள் எல்லாம் சீசன் நன்றாக இருக்க வேண்டும் என்று குற்றாலநாதரை வேண்டிக்கொண்டிருந்தபோது, நான் ஒருவன் மட்டும் வெள்ளம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு வேறு சந்தேகம். "கொரங்குதான்டே. அந்த வயரு மேல நடக்கும்" என்றார். குற்றாலத்தில் எது காணாமல் போனாலும் குரங்கு என்று சொல்லிவிடலாம், பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கும். நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் முகம் மேலே வந்தது. ரிட்டயர் ஆன பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன் என்றார். போலீஸுக்கு ஆள் சேர்க்க அலைகிறவர் எனக்கு எதற்காக உதவ வேண்டும் என்று கேட்டேன்.

"ஏலே, டெஸ்ட்டுன்னா ஒழுங்கா நடக்கணும். கொரங்கு கெடுத்து நீ தோத்தா அது கணக்குல வராது" என்றார்.

மறுநாள் அருவியில் குளித்துவிட்டு நேராக வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் பழைய லத்தி. முற்றத்தில் கேபிளுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அண்ணாச்சியும் நானும் இடுக்குக்குள் திரையின் முன்னால் இருந்தோம். அன்றைக்கு மாதிரி டைம் அவுட் அந்த சீசனில் என்றைக்கும் வந்ததில்லை. சர்வரின் காவல்காரன் வாயை மூடவே இல்லை. வரி மேல் வரியாகத் திரை நிறைந்து ஓடியது. குரங்கு வருதா என்று உள்ளிருந்தே கத்தினேன். வரல என்று அப்பா பதில் கொடுத்தார். இன்னொரு தடவை கேட்டேன். சந்தேகப்படும்படியான நடமாட்டம் எதுவும் இல்லை என்று அறிக்கையே கொடுத்துவிட்டார். மேலே பிரவுசிங் ரூமில் ஆட்கள் மேஜையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நான் எழுந்து வெளியே போனேன்.

காற்று அடித்துக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, கேபிள் சரிந்து வென்டிலேட்டருக்குள் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில், சொட்டச் சொட்ட ஒரு ஈரிழைத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் அழியாத மையில் அப்பாவின் போலீஸ் பெல்ட் நம்பர். எங்கள் வீட்டில் தலையணை உறையில்கூட அந்த நம்பர் இருக்கும், வண்ணானிடம் போய் மாறிவிடக்கூடாது என்று. துண்டு காற்றில் படபடக்கிறபோதெல்லாம் கேபிள் எகிறித் தாழ்ந்தது. வென்டிலேட்டருக்குள் அது வெடுக்கென்று இழுபடுவதை என் கண்ணால் பார்த்தேன். இழுபடும்போதெல்லாம் உள்ளே கார்டில் சொருகிய முனையும் ஆடும். அண்ணாந்து மாடி வராந்தாவைப் பார்த்தேன். தூணுக்குத் தூண் நான் இழுத்துக் கட்டிய கேபிளில் துண்டுகள், லுங்கிகள், ஒரு சேலை, குழந்தைகளின் நிக்கர்கள் எல்லாம் வரிசையாகத் தொங்கின. லாட்ஜில் தங்கியிருந்தவர்கள் மொத்தப் பேரும் அதில்தான் காயப் போட்டிருந்தார்கள்.

"யப்பா, இது யார் துண்டு?"

"என் துண்டுதாம்லே. நம்பர் தெரியலையா?"

"கேபிள்ல போட்டிருக்கீங்க."

அப்பா திரும்பி மேலே பார்த்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"துண்டுதான போட்டேன். கொரங்கையா தூக்கிப் போட்டேன்?"

நான் எட்டித் துண்டை எடுத்தேன். ஈரத்தில் நல்ல கனம். மாடிக்கு ஓடி மற்றதையும் அள்ளி வராந்தாத் திண்டில் போட்டேன். இடுக்குக்குள்ளிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது, வரி நின்னுட்டுடே என்று. சந்தேகம் தீரக் கீழே வந்து துண்டைத் திரும்ப மாட்டினேன். வருது என்றார் அண்ணாச்சி. எடுத்தேன். நின்னுட்டு என்றார். வெள்ளம் வந்தால் நெட் ஏன் படுக்காமல் நின்றது, மத்தியானம் ஏன் சரியானது என்று எல்லாமே அப்போது விளங்கியது. தடை போட்டால் யாரும் குளிப்பதில்லை, துண்டு நனைவதில்லை. மத்தியானத்துக்குள் துண்டு காய்ந்து பாரம் குறைந்துவிடும், சாப்பிடப் போகிறவர்கள் எடுத்துக்கொண்டும் போய்விடுவார்கள். அப்புறம்தான் நான் ஏப்பம் விட்டபடி டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு வருவேன்.

இவ்வளவு நாளும் கண்ணில் படவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். சீசனில் குற்றாலத்துக்கு வந்து பாருங்கள். பஸ் ஜன்னலில் துண்டு, கார் கண்ணாடியில் துண்டு, கடை போர்டில் துண்டு, குளிக்க வேண்டிய முறை பற்றிய எச்சரிக்கைப் பலகையிலும் துண்டு. நீட்டிக்கொண்டிருக்கிற எதன் மேலும் ஒரு துண்டு காயும். காக்கா உட்கார்ந்திருப்பதை யாராவது குறித்து வைப்பார்களா? நாற்காலி போட்டுக் காவல் காத்த போலீஸ்காரருக்கே அது தெரியவில்லை. நானும் அந்த முற்றத்தைத் தினமும் தாண்டித்தான் போனேன்.

அப்பா துண்டைக் கையில் வாங்கி, நம்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார். அப்பா காப்பிகூடக் குடிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷம் பாதியிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அடுத்தவனைப் பிடித்த மனிதரை, சேக்காளி முன்னால் இப்படி நிற்க வைத்துவிட்டோமே என்றிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தார். சைக்கிள் கேரியரில் பெரிய நைலான் கயிற்றுக் கட்டு ஒன்று. தென்காசி பஜார் வரை போயிருக்கிறார். நேரே ஏறிப் போய் மாடியில் கேபிளுக்குக் கீழே தூணுக்குத் தூண் கயிற்றைக் கட்டினார். முற்றத்திலும் ஒன்று கட்டினார். பந்தோபஸ்துக்குக் கட்டுகிற முடிச்சு, யாரும் சுலபத்தில் அவிழ்க்க முடியாது. கட்டி முடித்து, கிடந்த துண்டுகளையெல்லாம் அவரே எடுத்துக் கயிற்றில் போட்டார். கடைசியாகத் தன்னுடையதையும் போட்டார்.

அன்றிலிருந்து சீசன் முடிகிற வரை தினமும் காலையில் அப்பாவின் நாற்காலி கேபிளுக்குக் கீழேதான். காப்பியும் பேப்பரும் அங்கேயே வந்தன. யாராவது குளித்துவிட்டு வந்து பழக்கத்தில் கையைத் தூக்கினால் கீழேயிருந்து குரல் வரும்: "கயிறு அங்கன இருக்கு. வயர்ல போட்டா துண்டு ஸ்டேஷனுக்குப் போயிரும்." சென்னையிலிருந்து வந்த பெரிய ஆபீசர்கள்கூடப் பேசாமல் கயிற்றில் போட்டார்கள். என் கறுப்புத் திரையில் அதன் பிறகு அந்த வரி வரவே இல்லை. துபாய் மகனின் அம்மா திரும்ப வந்து, பேரன் பிறந்த சேதியைத் திரையிலேயே கேட்டுவிட்டு, எல்லோருக்கும் அல்வா கொடுத்தார். சாரல் நின்று, சிப்ஸ் கடைகள் தார்ப்பாயைச் சுருட்டிய அன்றைக்கு, அப்பா அண்ணாச்சியைப் பார்த்து, "நெட்டு நின்னுட்டு. நீரு சாட்சி" என்றார். செலக்‌ஷன் பேச்சு அதோடு முடிந்தது. அந்த ஷூவை அவரே போட்டுக்கொண்டு காலையில் நடக்க ஆரம்பித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கால் அளவு ஒன்றுதான். சொந்தக்காரர்கள் யாராவது மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல பாரா பாக்கான்" என்பார். நான் பக்கத்தில் இல்லை என்று நினைத்தால் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

போன சீசனில் அந்தப் பக்கம் போனேன். லாட்ஜுக்குப் புதுப் பெயர், புதுப் பெயின்ட். பிரவுசிங் ரூம் இருந்த இடத்தில் ஏசி ரூம். கேபிள் கிடையாது, கயிறும் கிடையாது. முற்றம் முழுக்கக் கார். மாடியில் ஏசி பெட்டிகளின் மேல் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துச் சத்தம் போட ஆள் இல்லை. அண்ணாச்சி கடையத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அப்பா காலமாகிச் சில வருஷம் ஆகிறது.

போன வார விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மைக்கைத் திறந்து, கேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள், அதன் மேல் ஏதாவது தொங்குகிறதா என்று கேளுங்கள் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அது பூட்டி வைத்த ரூம் சார், யாரும் உள்ளே போக முடியாது என்றார்கள். உண்மைதான். கார்டை இயக்குகிற டிரைவர் புரோகிராமின் ஏதோ ஒரு அப்டேட்டில் வந்த கோளாறு அது, திருத்தியதும் சரியாகிவிட்டது. என் பொறுப்பில் இப்போது எத்தனையோ கேபிள்கள் இருக்கின்றன. ஒன்றில்கூட யாரும் துண்டு காயப் போட முடியாது.

வேலை முடிந்ததும் கீழே போய் பீரோவைத் திறந்து, நம்பர் போட்ட அந்தத் துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது.